பல்கலைக்கழகமும் ஓடுபாதையும்
ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக விமான நிலையங்களும் நெடுங்காலத் திட்டமிடலும்

பல்கலைக்கழகம் ஒன்றின் உடைமைகள் யாவை என வினவின், நூலகம், ஆய்வுகூடம், மாணவர் விடுதி, விளையாட்டுத் திடல் என்பனவே முதலில் நினைவுக்கு வருவன. மருத்துவ பீடம் உள்ளவிடத்து வைத்தியசாலையும், விவசாய பீடம் உள்ளவிடத்து வயல்நிலமும் அமைதல் இயல்பே. ஆயின், ஓடுபாதைகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கொண்ட விமான நிலையம் ஒன்றைப் பல்கலைக்கழகமே தன் சொந்த உடைமையாகக் கொண்டிருத்தல் உலகில் அரிதான காட்சியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வரிய காட்சி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காணப்படுகின்றது. இந்தியானா மாநிலத்தின் பேர்டியூப் பல்கலைக்கழகம், இல்லினோய்ப் பல்கலைக்கழகம், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம், ஒக்லஹோமாப் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியன இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன.

விமான நிலையம் என்பது இருபது ஆண்டுகளை முன்னோக்கித் திட்டமிடப்பட வேண்டிய ஓர் அமைப்பு. பல்கலைக்கழகமோ ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துடன் மல்லாடுவது. அதன் மாணவர் நான்கு ஆண்டுகளில் வெளியேறுவர். அதன் தலைவர்களும் சில ஆண்டுகளில் மாறுவர். இத்தகைய நிறுவனம் அத்தகைய பொறுப்பை ஏன் ஏற்றது? ஏற்றபின் எவ்வாறு நடத்தியது? எந்த நோக்கத்துக்காக ஏற்றதோ அந்நோக்கம் மறைந்த பின் யாது செய்தது? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் கல்வியும்

அமெரிக்க உயர்கல்வியின் வரலாற்றில் 1862ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் நிறைவேறிய மொறில் சட்டம், சமஷ்டி அரசுக்குரிய நிலத்தை மாநிலங்களுக்கு வழங்கி, அதனை விற்றுப் பெறும் முதலைக் கொண்டு விவசாயமும் இயந்திரக் கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ வழிசெய்தது. இவ்வாறு தோன்றியவை நிலக்கொடைக் கல்லூரிகள் எனப்பட்டன. இல்லினோய்ப் பல்கலைக்கழகம் 1867இலும், பேர்டியூ 1869இலும், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1870இலும் இவ்வழியே தோற்றம் பெற்றன.

இக்கல்லூரிகளின் அடிப்படைக் கொள்கை யாதெனில், அறிவு என்பது ஏட்டில் மட்டும் அடங்குவதன்று. மாநிலத்து மக்களின் தொழிலுக்கும் வாழ்வுக்கும் அது பயன்பட வேண்டும் என்பதாம். உழவு கற்பிப்பவன் உழுநிலம் வைத்திருக்க வேண்டும். பொறியியல் கற்பிப்பவன் பட்டறை வைத்திருக்க வேண்டும். இதே நியாயத்தின்படி, இருபதாம் நூற்றாண்டில் விமானம் என்ற புதிய பொறி தோன்றியபோது, அதனைக் கற்பிக்கப் புகுந்தவர்கள் ஓடுபாதையையும் ஒரு பட்டறையாகவே கருதினர் எனலாம். பல்கலைக்கழக விமான நிலையம் ஆடம்பரத்தின் விளைவன்று. நிலக்கொடைக் கல்வி மரபின் இயல்பான நீட்சியாகும்.

2. பேர்டியூவின் தொடக்கம்

இம்மரபின் முதற் கனி பேர்டியூவில் விளைந்தது. அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரும், மோட்டார் வாகனங்களுக்கான திசைமாற்றுப் பொறியமைப்பை ஆக்கிப் பெரும்பொருள் ஈட்டியவருமான டேவிட் றொஸ், பல்கலைக்கழகத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபைக்குத் தலைமை தாங்கினார். எதிர்காலத்தின் தேவையை முன்னுணர்ந்து நிலம் வாங்கி வைத்தல் அவருடைய வழக்கம். அவர் அளித்த நிலத்தில் 1930இல் எழுந்த விமான நிலையமே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரிமையான முதல் விமான நிலையம் எனக் கொள்ளப்படுகின்றது. அக்காலத்தில் உலகப் பெருமந்தம் நாட்டை வாட்டத் தொடங்கியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வருவாய் தரும் என்ற உறுதி எதுவுமின்றி, கல்வி தரும் என்ற நம்பிக்கை ஒன்றினாலேயே அந்நிலையம் எழுந்தது.

1922 தொடக்கம் 1945 வரை பேர்டியூவின் தலைவராக விளங்கிய எட்வேட் எலியட், 1935இல் புகழ்பெற்ற விமானி அமேலியா எயர்ஹாட் அம்மையாரைப் பல்கலைக்கழகத்துக்கு வருவித்தார். பெண்களின் தொழில்வாழ்வு பற்றிய ஆலோசகராகவும் விமானவியலில் அறிவுரைஞராகவும் ஆண்டிற் சில வாரங்கள் அவர் அங்குத் தங்கிப் பணியாற்றினார். பேர்டியூ ஆராய்ச்சி மன்றத்தின் வழியாகத் திரட்டப்பட்ட நிதியின் துணையுடன் 1936இல் அவருக்கு லொக்ஹீட் எலெக்ட்ரா விமானம் கிடைத்தது. அது பறக்கும் ஆய்வுகூடம் என வழங்கப்பட்டது. அவ்விமானத்திலேயே உலகை வலம்வரப் புறப்பட்ட அம்மையார், 1937 யூலை 2ஆம் நாள் பசிபிக் சமுத்திரத்தில், ஹவுலண்ட் தீவை நாடிச் செல்கையில், தம் வழிகாட்டியான பிரெட் நூனனுடன் மறைந்தார்.

இத்துயரம் பேர்டியூவின் விமானக் கல்வியை முடக்கவில்லை. 1950களில் அங்குப் பட்டம் பெற்றவர்களுள் நீல் ஆம்ஸ்ரோங், யூஜின் செர்னன் ஆகிய இருவரும் அடங்குவர். 1969இல் சந்திரனில் முதலிற் காலடி வைத்தவர் முன்னவர்; 1972இல் அதனை விட்டு இறுதியாகப் புறப்பட்டவர் பின்னவர். ஒரு வயல்வெளியில் ஓடுபாதை அமைத்தவர்கள் இத்தகைய விளைவை எத்திட்டத்திலும் எழுதியிருக்க முடியாது. திட்டமிடலின் வரலாற்றில் இது முதற் பாடம்: பெரும்பயன் பெரும்பாலும் மதிப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றது.

3. போர்க்காலமும் புதிய நிலையங்களும்

1938இன் இறுதியில் ஜனாதிபதி றூஸ்வெல்ற், குடிசார் விமானிகளைப் பயிற்றும் திட்டமொன்றை அறிவித்தார். 1939இன் தொடக்கத்தில் 13 கல்லூரிகளிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இத்திட்டம், அவ்வாண்டிலேயே சட்டத்தின் ஆதரவையும் பெற்றது. பேர்டியூ அப்பதின்மூன்றனுள் ஒன்று. 1944இல் திட்டம் நிறைவுறுவதற்குள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன்கீழ்ப் பயிற்சி பெற்றனர். வகுப்பறைப் பாடத்தைக் கல்லூரி நடத்த, பறப்புப் பயிற்சியை அயலிலுள்ள விமானத்தளம் வழங்குவதே இதன் முறை. அயலில் தளம் இல்லாத கல்லூரிகள் தமக்கெனத் தளம் தேடும் நிலை ஏற்பட்டது.

ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்துக்கு 1940இல் நன்கொடை ஒன்றின் வழியாகத் தளம் கிடைத்தது. அது மக்ஸ் வெஸ்ற்ஹைமர் என்பாரின் பெயரைத் தாங்கியது. போர்க்காலத்தில் கடற்படை அதனைப் பயிற்சித் தளமாகக் கொண்டது. போர் முடிந்தபின் அது மீண்டும் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் கொலம்பஸ் நகரின் வடமேற்கே அமைத்த தளம், அப்பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரராயிருந்து 1943இல் இங்கிலாந்தில் குண்டுவீச்சு விமான விபத்தொன்றில் உயிர்நீத்த டொன் ஸ்கொற்றின் பெயரைப் பெற்றது.

இவை யாவற்றிலும் திட்டமிடலின் வரலாற்றுக்கு மிகுந்த பொருளுடையது இல்லினோயின் முயற்சி. 1934 தொடக்கம் 1946 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஆதர் வில்லாட் பொறியியல் துறையைச் சார்ந்தவர். போர் முடிவதற்கு முன்னரே, போருக்குப் பிந்திய விமான யுகத்துக்கான ஏற்பாடுகள் அவர் காலத்தில் தொடங்கின. சம்பெயின் நகரின் தெற்கே, சவோய் என்னும் சிற்றூரின் அருகில், சோளம் விளைந்த சமவெளியில் எழுந்த நிலையம் 1945 ஒக்ரோபரில் அர்ப்பணம் செய்யப்பட்டது. பின்னர் அது வில்லாட்டின் பெயரையே சூடியது. விமானவியல் நிறுவகம் ஒன்றும் அதனையொட்டி நிறுவப்பட்டது. நிலையம் உடல் எனின் நிறுவகம் உயிர் என்பதே அன்றைய எண்ணம்.

அந்நிறுவகத்தின் பணி விமானிகளைப் பயிற்றுவதோடு நின்றுவிடவில்லை. 1946இல் அலெக்சாண்டர் வில்லியம்ஸ் என்னும் உளவியலாளர் அங்கு விமான உளவியல் ஆய்வுகூடமொன்றைத் தொடங்கினார். விமானியறையின் கருவிகளை எவ்வாறு அமைத்தால் மனிதக் கண்ணும் கையும் பிழை செய்யா, தரையில் நிற்கும் போலிப் பயிற்சிப் பொறியிற் செலவிடும் ஒரு மணி நேரம் உண்மைப் பறப்பில் எத்தனை நிமிடத்தை மீதப்படுத்தும் என்பன போன்ற வினாக்கள் அங்கு ஆராயப்பட்டன. அவருடைய மாணவரான ஸ்ரான்லி றொஸ்கோ 1969இல் மீண்டுவந்து அவ்வாய்வை வளர்த்தார். போலிப் பொறிப் பயிற்சியின் பயன் ஏற ஏறக் குறைந்து செல்வது என்பதைக் கணித முறையில் அவர் நிறுவினார். உலகின் விமானக் கம்பனிகள் இன்று கோடிக்கணக்கிற் செலவிடும் பயிற்சிப் பொறிகளுக்குப் பின்னால் இத்தகைய ஆராய்ச்சி நிற்கின்றது. மாணவர் பயிலும் ஓடுபாதையும் ஆய்வாளர் அமரும் அறையும் ஒரே வளவில் இருந்தமையே இவ்வாய்வுக்கு வாய்ப்பளித்தது.

4. இருபது ஆண்டுக் கணக்கு

தளம் அமைத்தல் ஒன்று. அதனை வளர்த்துப் பேணுதல் வேறொன்று. கொங்கிறீற்று ஓடுபாதை என்றும் நிலைப்பதன்று. பனியும் வெப்பமும் அதனைப் பிளக்கும். விமானங்களின் நிறை கூடக்கூட அதன் தடிப்பும் கூட வேண்டும். இச்செலவைப் பல்கலைக்கழகங்கள் தனித்துத் தாங்க இயலாது. இந்நிலையில் சமஷ்டி அரசின் மூன்று சட்டங்கள் அவற்றின் போக்கை நிர்ணயித்தன.

முதலாவது, 1946ஆம் ஆண்டின் சமஷ்டி விமான நிலையச் சட்டம். இது பொது விமான நிலையங்களுக்கு மானியம் வழங்கும் முறையைத் தொடக்கியது. இரண்டாவது, 1970ஆம் ஆண்டின் விமான நிலைய, வான்வழி அபிவிருத்திச் சட்டம். இது பயணச் சீட்டு, எரிபொருள் ஆகியவற்றின் மீதான வரிகளைக் கொண்டு நம்பிக்கை நிதியமொன்றை உருவாக்கியதுடன், கட்டுமானத்துக்கு மட்டுமன்றித் திட்டமிடலுக்கும் மானியம் வழங்கியது. மூன்றாவது, 1982ஆம் ஆண்டின் மேம்பாட்டுச் சட்டம். இன்றைய மானிய முறை அதன் வழிவந்ததே.

இச்சட்டங்களின் வழியே பெருந்திட்டம் என்னும் ஆவணம் விமான நிலையங்களின் வாழ்வில் முதலிடம் பெற்றது. அதன் அமைப்பு நோக்கத்தக்கது. முதலில், உள்ளவை யாவும் கணக்கெடுக்கப்படும். அடுத்து, இருபது ஆண்டுகளில் எத்தனை பயணிகள், எத்தனை விமானங்கள், எவ்வகை விமானங்கள் வரக்கூடும் என்பது எதிர்வுகூறப்படும். அதன்பின், அத்தேவைக்கும் உள்ள வசதிக்கும் இடைப்பட்ட குறை அளவிடப்படும். குறையை நீக்கும் மாற்றுவழிகள் ஒப்பிடப்பட்டுச் சுற்றாடலுக்கு நேரும் விளைவும் ஆராயப்படும். இறுதியில், தேர்ந்த வழி வரைபடமாக்கப்பட்டுச் சமஷ்டி விமான நிருவாகத்தின் அங்கீகாரத்தைப் பெறும். வேலைகள் ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் எனப் படிமுறையாகப் பகுக்கப்படும்.

காற்றும் இத்திட்டத்தில் ஓர் அங்கம். ஆண்டின் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காயினும், வரம்பு கடந்த குறுக்குக் காற்றின்றி விமானம் இறங்கக்கூடியவாறு ஓடுபாதைகளின் திசை அமைய வேண்டும் என்பது விதி. இலேசான பயிற்சி விமானங்களைக் குறுக்குக் காற்று எளிதில் அலைக்கழிக்கும். ஆகவே, மாணவர் பயிலும் தளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் ஓடுபாதை வேண்டும். பெரிய ஜெட் விமானத்துக்கோ நீண்ட ஓடுபாதை ஒன்றே போதும். கல்வியின் தேவையும் வாணிபத்தின் தேவையும் வரைபடத்திலேயே வேறுபடும் இடம் இது.

மானியம் வெறுங்கொடையன்று. ஓடுபாதை முதலிய வேலைகளின் செலவிற் பெரும்பங்கு, சிறிய நிலையங்களைப் பொறுத்தவரை ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, சமஷ்டி நிதியிலிருந்து கிடைக்கும். அதற்கு ஈடாக, நிலையத்தைப் பொதுமக்களின் பாவனைக்குத் திறந்து வைத்து நடத்துவதாக உடைமையாளர் உறுதியளித்தல் வேண்டும். கட்டுமானங்களைப் பொறுத்தவரை இவ்வுறுதி பெரும்பாலும் இருபது ஆண்டு பிணிக்கும். மானியத்தால் வாங்கிய நிலத்தைப் பொறுத்தவரை அதற்குக் கால எல்லையே இல்லை. மேலும், நிலையத்தின் வருவாயை நிலையத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நிபந்தனை. 1990களில் இது மேலும் இறுக்கமாக்கப்பட்டது. கொட்டகை வாடகையும் பயிர்நிலக் குத்தகையும் எரிபொருள் விற்பனையும் தரும் பணத்தை நூலகத்துக்கோ விரிவுரையாளர் சம்பளத்துக்கோ பல்கலைக்கழகம் திருப்பிவிட இயலாது. நட்டம் வரின் அது பல்கலைக்கழகத்தின் தோளில். இலாபம் வரின் அது நிலையத்தின் பெட்டகத்தில்.

இவ்வாறாக, பட்டறையாகத் தோன்றிய ஓடுபாதை பொதுப் பயன்பாட்டு அமைப்பாக உருமாறியது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை; ஒவ்வொரு மானியப் பத்திரத்திலும் இடப்பட்ட ஒவ்வொரு கையொப்பத்துடனும் சிறிது சிறிதாக நிகழ்ந்தது. ஒப்பமிட்டவர்கள் ஓய்வு பெற்றனர், ஒப்பம் நிலைத்தது.

5. எதிர்வுகூறலைக் கடந்த நிகழ்வுகள்

1950களில் ஒசார்க் எயர்லைன்ஸ் போன்ற உள்ளூர்ச் சேவைக் கம்பனிகள் சம்பெயின் போன்ற சிறு நகரங்களைச் சிக்காகோவுடனும் செயின்ற் லூயிசுடனும் இணைத்தன. எந்தக் கம்பனி எந்த வழியில் என்ன கட்டணத்தில் பறக்கலாம் என்பதைக் குடிசார் வான்சபை என்னும் அரச அமைப்பே தீர்மானித்தது. சிறு நகரச் சேவைக்கு அரசு உதவுதொகையும் வழங்கிற்று. இத்தகைய ஒழுங்கில் இருபது ஆண்டு எதிர்வுகூறல் ஓரளவு நம்பத்தக்கதாயிருந்தது.

1978 ஒக்ரோபரில் விமானச் சேவைத் தளர்ப்புச் சட்டம் நிறைவேறியது. வழியையும் கட்டணத்தையும் கம்பனிகளே தீர்மானிக்கும் நிலை படிப்படியாக ஏற்பட்டது. 1984இன் முடிவுடன் வான்சபையும் மறைந்தது. கம்பனிகள் பெருநகர் ஒன்றை மையமாக்கி, அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போற் சேவைகளைப் பரப்பின. சிறு நகரம் ஒரு கம்பனிக்கு இலாபம் தரும்வரை ஆரக்கால். தராதவிடத்து வெறும் நிலம். ஒசார்க் 1986இல் ரி. டபிள்யு. ஏ. கம்பனியுடன் இணைந்து தன் பெயரை இழந்தது. அதற்கடுத்த 1987இல், வில்லாட் நிலையத்திற் புதிய பயணிகள் மண்டபம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 8,100 அடி நீளமான பிரதான ஓடுபாதையும் புதிய மண்டபமும் எந்த ஜெட் விமானத்தையும் வரவேற்க ஆயத்தமாய் நின்றன. எனினும், நிலையத்தின் வாயிலைத் திறந்து வைத்தல் மட்டுமே பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது; அதனுள் எவர் நுழைவர் என்பதைத் தொலைதூர நகரங்களில் அமர்ந்த கம்பனி அலுவலர்களே தீர்மானித்தனர்.

நெடுஞ்சாலைகளும் நிலையத்துக்கு எதிராக வேலை செய்தன. சம்பெயினிலிருந்து புளூமிங்ரனுக்கு மோட்டார் வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். இந்தியானாபொலிசுக்கும் சிக்காகோவுக்கும் இரண்டு மணி நேரமளவு. கட்டணம் குறைந்தவிடத்தை நாடிப் பயணிகள் வண்டியேறினர். அடுத்த நகரத்தின் சீட்டுக் கட்டணம் இந்நகரத்தின் எதிர்வுகூறலைப் பொய்யாக்கியது. 2001 செப்ரெம்பர் தாக்குதலும், 2008இன் பொருளாதார நெருக்கடியும் இதனை மேலும் உக்கிரமாக்கின. பேர்டியூவில் ஒழுங்கான பயணிகள் சேவை 2004இல் நின்றே போயிற்று. இருபது ஆண்டுகளின் பின்னர், 2024இல், சிறு விமானங்களைக் கொண்டு சிக்காகோவுக்கான சேவை மீண்டும் தொடங்கியது. இருபது ஆண்டு என்பது ஒரு முழுப் பெருந்திட்டத்தின் ஆயுள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அயலவரின் குரலும் எழுந்தது. வயல்வெளியில் அமைந்த தளங்களைச் சுற்றிப் போருக்குப் பின் வீடுகள் பெருகின. விமான ஒலியை அளவிட்டுத் தணிக்கும் முறைகளை வகுக்குமாறு 1979ஆம் ஆண்டுக்குரிய சட்டமொன்று பணித்தது. ஒகையோவில், டொன் ஸ்கொற் தளத்தின் வட ஓடுபாதையை நீட்டும் யோசனை 2000களில் முன்வைக்கப்பட்டபோது, வேர்திங்ரன் முதலிய அயல் நகரங்களிலிருந்து வலுவான எதிர்ப்பு எழுந்தது. பாதுகாப்பும் கொள்திறனும் கூடும் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். கூடும் கொள்திறன் கூடுதலான ஜெட் விமானங்களையே கொண்டுவரும் என்பது குடியிருப்போரின் வாதம். ஓடுபாதை நீளவில்லை. தாள்களில் நேர்கோடாக வரையப்பட்ட ஒரு நீட்சி, பிறருடைய படுக்கையறையின் மேலாகவும் செல்கின்றது என்பதைத் திட்டமிட்டோர் அங்கு அறிந்துகொண்டனர்.

6. நோக்கம் நீங்கிய நிலையம்

இவை யாவும் புறத்தேயிருந்து வந்த இடர்கள். இல்லினோயில் நிகழ்ந்ததோ அகத்தே தோன்றியது. 2008இன் நெருக்கடியைத் தொடர்ந்து மாநில அரசின் நிதி சுருங்க, பல்கலைக்கழகம் தன் பிரிவுகளை ஒவ்வொன்றாக மீளாய்வு செய்தது. விமானவியல் நிறுவகமும் அம்மீளாய்வுக்கு உட்பட்டது. பழைய மாணவரும் விமானத்துறையினரும் எதிர்ப்புத் தெரிவித்தபோதிலும், 2011 யூலையில் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை நிறுவகத்தை மூடத் தீர்மானித்தது. 2014இல் பறப்புப் பயிற்சி, சம்பெயினிலுள்ள பாக்லண்ட் என்னும் சமூகக் கல்லூரியின் பொறுப்பிற் சென்றது.

நிறுவகம் மறைந்தது, விமான நிலையமோ பல்கலைக்கழகத்தின் உடைமையாகவே தொடர்ந்தது. உயிர் என்று எண்ணப்பட்டது நீங்கிற்று, உடல் எஞ்சிற்று. முன்னர் விளக்கிய உறுதிப் பத்திரங்களின் காரணமாக, விமானவியல் கற்பிக்கவில்லை என்று கூறி நிலையத்தை மூடிவிட எப்பல்கலைக்கழகத்தாலும் இயலாது. கற்பித்தலை நிறுத்துவதற்குச் சபையின் ஒரு வாக்கெடுப்புப் போதும். ஓடுபாதையை நிறுத்துவதற்கு அரசின் இசைவு வேண்டும். எந்தத் தேவைக்காக நிலையம் எழுந்ததோ அத்தேவை சட்டத்தின் பாதுகாப்பற்றதாயும், பின்னர் வந்து சேர்ந்த தேவை சட்டத்தின் பாதுகாப்பு உடையதாயும் அமைந்தமையே இவ்வரலாற்றின் முரண்.

இத்தீர்மானத்தை வெறும் பிழையென்று எளிதிற் கூறுதல் நீதியாகாது. பறப்புப் பயிற்சி செலவு மிகுந்தது. விமானம், எரிபொருள், காப்புறுதி, பராமரிப்பு யாவும் மாணவனின் கட்டணத்தில் ஏறுவன. ஆராய்ச்சியாற் பெயர்பெற விழையும் பல்கலைக்கழகம் ஒன்று, தொழிற்பயிற்சி தன் கடமையா எனத் தன்னையே வினவியதில் நியாயம் உண்டு. விமான ஓட்டிகளின் வேலைவாய்ப்பும் அக்காலத்தில் மங்கியிருந்தது.

ஆயினும், அடுத்து நடந்தது நோக்கத்தக்கது. 2009 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகில் பிராந்திய விமானமொன்று வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, 2013இல் நடைமுறை விதி வந்தது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாகப் பணிபுரிவதற்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்பது அவ்விதி. ஆனால், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் விமானவியலில் இளமாணிப் பட்டம் பெற்றோருக்கு 1,000 மணி நேரமும், ஈராண்டுக் கல்லூரிச் சான்று பெற்றோருக்கு 1,250 மணி நேரமும் போதும் எனச் சலுகை அளிக்கப்பட்டது. பல்கலைக்கழக விமானக் கல்விக்கு அரசு தன் விதியினாலேயே தனி மதிப்பளித்த அந்நேரத்தில், அறுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மரபுடைய ஒரு பல்கலைக்கழகம் அக்கல்வியைக் கைவிடும் பாதையின் நடுவில் நின்றது. சில ஆண்டுகளில் விமானிகளுக்குத் தட்டுப்பாடும் ஏற்பட்டது. எதிர்வுகூறல் பயணிகளின் தொகையில் மட்டுமன்றிக் கல்வியின் தேவையிலும் தவறக்கூடும்.

பேர்டியூவும் ஒகையோவும் வேறு வழி சென்றன. பேர்டியூ, பயணிகள் சேவை நின்றிருந்த இருபது ஆண்டுகளிலும் விமானக் கல்வியை நிறுத்தவில்லை. அதனால் நிலையத்தின் ஓடுபாதை நாள்தோறும் மாணவரின் விமானங்களாற் பயன்பெற்றது. ஒகையோவில் பெரிய ஓடுபாதைக் கனவு நிறைவேறாதபோதிலும், பின்னர் நோல்ற்றன் மன்றம் வழங்கிய 10 மில்லியன் டொலர் நன்கொடையின் துணையுடன் கற்கை வசதியும் நிலைய வசதியும் ஒரே கட்டடத்தில் இணைந்தன. பென்சில்வேனியாவில் ஓடுபாதை பல்கலைக்கழகத்துக்கும், பயணிகள் மண்டபம் உள்ளூர் அதிகாரசபைக்கும் உரியன. பொறுப்பைப் பகிர்ந்த இம்முறை நடுவழி எனலாம்.

7. வரலாறு கூறுவது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று உண்மைகள் புலனாகும். ஒன்று, நிலத்தைப் பொறுத்த திட்டம் எளிதில் நிலைக்கின்றது. 1930இலும் 1945இலும் தெரிந்தெடுக்கப்பட்ட வயல்களிலேயே இன்றும் விமானங்கள் இறங்குகின்றன. இரண்டு, தேவையைப் பொறுத்த எதிர்வுகூறல் எளிதிற் பிழைக்கின்றது. ஒரு சட்டமும், ஒரு தாக்குதலும், ஓர் அயல் நகரின் சீட்டுக் கட்டணமும் இருபது ஆண்டுக் கணக்கை மாற்றிவிடும். மூன்று, நோக்கத்தைப் பொறுத்த திட்டம் எங்கும் எழுதப்படவேயில்லை. ஓடுபாதையின் தடிப்புக்கும், காற்றின் திசைக்கும், வண்டித் தரிப்பிடத்தின் பரப்புக்கும் பெருந்திட்டத்திலே தனித்தனி அத்தியாயம் உண்டு. இந்நிலையம் எதைக் கற்பிப்பதற்காக எழுந்தது, அக்கல்வி தொடர்வதை எவர் உறுதிசெய்வர் என்பதற்கு உறுதிப் பத்திரம் இல்லை.

டேவிட் றொஸ் நிலம் வாங்கியபோது எதிர்வுகூறல் அட்டவணை எதுவும் பெருந்திட்டமாக வகுக்கப்பட்டிருக்கவில்லை, நோக்கம் இருந்தது. பிற்காலத்தில் அட்டவணைகள் பெருகின. சிலவிடத்து நோக்கம் மெலிந்தது. நோக்கம் உயிரோடிருந்தவிடத்து, பயணிகள் நீங்கிய காலத்தும் நிலையம் பயன் தந்தது. நோக்கம் நீங்கியவிடத்து, பளிங்கு போன்ற மண்டபமும் நீண்ட ஓடுபாதையும் பேணவேண்டிய சுமையாகவும் எண்ணப்பட்டன.

சவோயின் சமவெளியில் பயிற்சி விமானங்கள் இன்றும் எழுகின்றன. அவற்றைச் செலுத்துவோரைப் பயிற்றும் பொறுப்பு ஒரு சிறு கல்லூரியினது. அவை ஓடி எழும் நிலம் பெரும் பல்கலைக்கழகத்தினது. 1945இல் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட இரண்டும் வேறுவேறு கைகளில் இருப்பினும், அவ்வோடுபாதையில் முதன்முறையாகத் தனித்துப் பறக்கும் மாணவனுக்கு அவ்வேறுபாடு புலப்படாது. தான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே எவரோ தனக்காக ஒரு சோள வயலைத் தெரிந்து வைத்தனர் என்பதே அவன் அடையும் பயன். நெடுங்காலத் திட்டமிடலின் பொருளும் அதுவே. ஆகவே, நிலத்தைத் தேர்வோர் அந்நிலத்தில் விளையவேண்டிய கல்வியையும் ஒருங்கே காத்தல் கடமையாகும்.